இளையவர் முதலில்

அப்பாவின் கழுத்தில் டை மூன்றாவது தடவையும் கோணலாகத்தான் வந்தது. சுலோஜனா அதை அவிழ்த்தெடுத்துத் தன் கழுத்தில் போட்டு, சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்து முடிச்சுப் போட்டாள். தனக்கு நேராக வந்தது. அப்படியே தளர்த்தித் தலைவழியாகக் கழற்றி, அப்பாவின் தலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து மாட்டினாள். இறுக்கியதும் முடிச்சு பழையபடி இடப்பக்கம் சரிந்தது.

அப்பா உயிரோடிருந்தவரை அவருக்கு டை கட்டிவிட யாரும் தேவைப்படவில்லை. மன்னாரில் நீதவான், பதுளையில் மாவட்ட நீதிபதி, மட்டக்களப்பில் மேல் நீதிமன்றம், கடைசியில் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம். எந்த ஊரில் இருந்தாலும் காலையில் கண்ணாடி முன் நின்று தானே கட்டிக்கொண்டு குசினி வாசலுக்கு வருவார். அம்மா கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, முடிச்சை இரண்டு விரலால் பிடித்துக் கொஞ்சம் நகர்த்திவிடுவாள். அது ஒருநாளாவது சரியாக இருந்ததாக அம்மா ஒப்புக்கொண்டதில்லை. ஊரிலுள்ள நீதிபதிகளின் தீர்ப்புகளிலெல்லாம் பிழை பிடிப்பதற்குச் சம்பளம் வாங்கிய மனிதருக்கு வீட்டில் தினமும் பிழை பிடிக்க ஒருவர் இருந்தார்.

ஜேர்மனிக்கு வந்த ஏழு வருடத்திலும், நீதிமன்றத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டை அவர் இரண்டு தடவைதான் போட்டார். இரண்டும் அவருடைய சொந்த வழக்குக்காக. இப்போது மூன்றாவது தடவை.

"நன்றாக இருக்கிறது, விட்டுவிடுங்கள்" என்றாள் ஈமச்சடங்கு நிறுவனத்தின் சொந்தக்காரி. கையில் ஒரு படிவம் வைத்திருந்தாள். டோர்ட்மண்டில் எத்தனையோ தமிழர்களின் கடைசி வேலைகளைச் செய்து முடித்தவள். திருநீற்றுக்கும் வாய்க்கரிசிக்கும் மேசையில் இடம் ஒதுக்கி வைக்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

"உங்கள் அண்ணன் காலையில் தொலைபேசியில் பேசினார். உடலைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமென்றார். நீங்கள் நேற்று இங்கேயே தகனம் என்றீர்கள். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள் எனக்கு ஒரே பதில் வேண்டும். விமானம் என்றால் பெட்டி வேறு, பத்திரங்கள் வேறு."

"சொல்கிறேன்" என்றாள் சுலோஜனா.

"உங்கள் அம்மாவும் கூடப் போவாரா? அதையும் எழுத வேண்டும்."

சுலோஜனா படிவத்தை வாங்கி வாசித்தாள். குடும்பத்தில் ஜேர்மன் மொழியில் எது வந்தாலும் வாசிக்கிறவள் அவள்தான். அம்மாவின் நீலப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம் அது. எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், சிறீலங்காவைத் தவிர. அதை மீறி அம்மா போய் இறங்கினால், திரும்பி வர இந்த நாட்டின் கதவு திறக்குமா என்பது சந்தேகம். அப்பா கொழும்புக்குப் போனால் அம்மா இல்லாமல்தான் போக வேண்டும்.

ஆனாலும் அப்பா கொழும்புக்குப் போக வேண்டுமென்றுதான் அவளுடைய மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அண்ணன் கதிர்காமநாதனைவிட அவளுக்குத்தான் அந்த ஆசை அதிகம். அண்ணன் லண்டனில் பாலங்களுக்குத் திட்டம் போடுகிற பொறியியலாளர். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். முந்தினநாள் காலை அப்பா பல் விளக்கிக்கொண்டிருந்தபோது இதயம் நின்றது. அன்று பின்னேரமே அண்ணன் வந்து இறங்கிவிட்டார். வந்த கையோடு கொழும்புக்கு நாலு தடவை தொலைபேசி எடுத்தார். அப்பாவோடு ஒன்றாக அமர்ந்திருந்த நீதிபதிகள் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்களாம். வழக்கறிஞர்கள் கறுப்பு அங்கியோடு இரண்டு பக்கமும் வரிசையில் நிற்பார்களாம். பத்திரிகையில் அரைப் பக்கம் வருமாம்.

சுலோஜனா அந்த அங்கிகளை மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். இந்த ஊரில் அப்பா யார்? முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற சுலோவின் அப்பா. தள்ளுவண்டியோடு சந்தைக்குப் போய், தக்காளியை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து வாங்கும் மெலிந்த மனிதர். வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் தொழில் என்னவென்று கேட்டபோது, அப்பா தான் பழகி வைத்திருந்த ஒரே ஜேர்மன் சொல்லால், நீதிபதி என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். மெல்லச் சிரித்தான். பிறகு படிவத்தில் தொழில் என்ற இடத்திலிருந்த வெறுங்கோட்டை நிரப்பாமலே அடுத்த கேள்விக்குப் போனான். அப்பா அந்தக் கேள்விக்கும் பதில் சொன்னார். சுலோஜனாவுக்குத்தான் அந்த வெறுங்கோடு ஏழு வருடமாக ஆறவில்லை.

அவள் டையைக் கடைசியாக ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். சரியாகவில்லை. விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் அக்கா குணேஸ்வரி டுசல்டோர்ஃபிலிருந்து வந்து, அழுது முடித்து, தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். வந்திருந்த ஆட்கள் போய்விட்டார்கள். அண்ணன் ஒரு கடுதாசியில் விமான நேரங்களை எழுதி, சட்டைப் பையில் செருகிக்கொண்டு நின்றார்.

"சுலோ, வந்திட்டியோ? நான் எல்லாம் ஒழுங்குபடுத்திட்டன். செவ்வாய்க்கிழமை பிளைற். அந்தச் சடங்கு மனுசிக்கு ரெலிபோன் அடிச்சுச் சொல்லிவிடு."

"அண்ணை, அம்மாவைக் கேட்டனீங்களோ?"

"அம்மா என்ன சொல்லப் போறா? அப்பாவுக்கு மரியாதை எண்டா அவ வேண்டாம் எண்டு சொல்லுவாவோ?"

அம்மா அறையிலிருந்து வந்தாள். பாலாம்பிகைக்கு எழுபது வயது. இரண்டு நாளாகச் சாப்பிடாதவள். குசினி மேசையைச் சுற்றிவந்து, ஜன்னலோரமிருந்த அப்பாவின் கதிரையில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் மூன்று பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்தக் கதிரையில் அம்மா உட்கார்ந்து அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"இருங்கோ எல்லாரும்" என்றாள். "சுலோ முதல் சொல்லட்டும்."

அவள் என்ன சொல்கிறாள் என்று மூன்று பேருக்கும் உடனே விளங்கிவிட்டது.

நீதிபதி சுவாமிநாதன் தலைமை தாங்கிய அமர்வுகளில் ஒரு வழக்கம் இருந்தது. வாதங்கள் முடிந்து மூன்று நீதிபதிகளும் உள்ளறைக்குப் போனதும், இளையவர்தான் முதலில் தன் முடிவைச் சொல்ல வேண்டும். மூத்தவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் இளையவர் தலையாட்டத்தான் பார்ப்பார் என்பது அவருடைய எண்ணம். அமர்வின் தலைவர் கடைசியாகத்தான் பேசுவார். மற்ற இருவரும் சொன்னது சரியென்று பட்டால், புலமையைக் காட்ட இருபது பக்கம் எழுதமாட்டார். 'நான் உடன்படுகிறேன்' என்று ஒரே வரி எழுதி, கீழே கையெழுத்து வைத்துவிடுவார்.

பிள்ளைகளும் மூன்று பேராகப் பிறந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று. குளிர்சாதனப் பெட்டி வாங்குவதா, தையல் மெஷின் வாங்குவதா என்று ஒரு வழக்கு வந்தபோது, ஐந்து வயதுச் சுலோஜனா முதலில் எழுந்து நாய்க்குட்டி என்று தீர்ப்பளித்தாள். காரணம் என்ன என்று கேட்டார் அப்பா. விருப்பம் என்றாள். "விருப்பம் காரணம் ஆகாது பிள்ளை. எண்டாலும் குறிச்சு வைப்பம்" என்று அவர் உண்மையாகவே ஒரு தாளில் குறித்து வைத்தார். அம்மா குசினியிலிருந்து, "நீங்கள் தீர்ப்பை ஆறுதலாச் சொல்லுங்கோ, நான் வேண்டவேண்டியதை வேண்டுறன்" என்றாள். அடுத்த கிழமை தையல் மெஷின் வந்து இறங்கியது. அம்மா ஒருநாளும் அந்த அமர்வில் உட்கார்ந்ததில்லை. உட்காரத் தேவையும் இருக்கவில்லை.

வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. பேசுகிறவர் 'அவ்வளவுதான்' என்று சொல்லும்வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது.

சுலோஜனா மேசையில் கையை ஊன்றினாள். முப்பத்துநாலு வயதிலும், நாய்க்குட்டி கேட்ட நாளைப் போலவே, ஆசையைத்தான் முதலில் சொன்னாள்.

"எனக்குக் கொழும்புக்குக் கொண்டுபோகத்தான் விருப்பம்" என்றாள். "அண்ணை, உங்களிலும் பார்க்க எனக்குத்தான் கூட விருப்பம். இஞ்ச ஒருத்தருக்கும் அப்பாவைத் தெரியாது. அந்த அங்கியளுக்கு நடுவில அவர் போறதை ஒருக்கா எண்டாலும் பாக்கவேணும் எண்டு எனக்கு ஆசை."

அண்ணன் திருப்தியோடு தலையசைத்தார்.

"ஆனா விருப்பம் காரணம் ஆகாது."

அவள் எழுந்து போய் அலுமாரி இழுப்பறையைத் திறந்து, அம்மாவின் நீலப் புத்தகத்தை எடுத்துவந்து மேசை நடுவில் வைத்தாள்.

அந்தப் புத்தகம் அப்பா வென்று கொடுத்தது. முதலில் அவர்களுடைய மனு தள்ளுபடியானது. பத்தொன்பது பக்கத் தீர்ப்பு. சுலோஜனா அதை மூன்று பின்னேரங்கள் வரிவரியாகத் தமிழில் சொல்ல, அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "நல்லா எழுதியிருக்கிறான்" என்றார். அம்மா கேத்திலை அடுப்பில் சத்தத்தோடு வைத்தாள். "எங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதினவனுக்கு நீங்கள் சேட்டிபிக்கற் குடுக்கிறியளோ?" என்றாள். "இஞ்சாரும், எழுத்து நல்லது. ஆனா பதினோராம் பக்கத்தில சறுக்கியிருக்கிறான்" என்றார் அப்பா. கொழும்பில் அவர்களுடைய வீடு எண்பத்துமூன்றுக் கலவரத்தில் எரிக்கப்பட்டதை நாலாம் பக்கத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டு, பதினோராம் பக்கத்தில், அதே கொழும்பில் போய்ப் பாதுகாப்பாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. எப்படி என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. வழக்கறிஞர் ஹென்னிங்ஸ் முதலில் பன்னிரண்டு காரணங்களோடுதான் மேன்முறையீடு எழுதியிருந்தார். அப்பா பதினொன்றை வெட்டச் சொன்னார். மேல் நீதிமன்றத்தில் அந்த ஒன்றே நின்றது. வென்றது.

அந்த நாட்களில் ஹென்னிங்ஸ்தான் ஒரு செய்தி சொன்னார். இந்த நாட்டிலும் நீதிபதிகள் உள்ளே கூடும்போது இளையவர்தான் மூத்தவருக்கு முன்னால் வாக்களிக்க வேண்டுமாம். சட்டத்திலேயே இருக்கிறதாம். சுலோஜனா அதை மொழிபெயர்த்ததும் அப்பா இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். "எழுதியே வைச்சிருக்கினமோ?" என்றார். ஜேர்மனியில் ஒரு விடயத்துக்காக அவர் முகம் அப்படி மலர்ந்ததை அவள் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

"இது அம்மான்ர" என்றாள் சுலோஜனா, புத்தகத்தைத் தொட்டு. "எங்கயும் போகலாம், சிறீலங்காவைத் தவிர எண்டு போட்டிருக்கு. அக்கான்ரயிலும் என்ரயிலும் அப்பிடித்தான். நாங்கள் மூண்டு பேரும் வரேலாது அண்ணை. நீங்கள் ஒராள்தான் போகலாம்."

கதிர்காமநாதன் வாயைத் திறந்தார். "வீடியோ எடுத்து..."

அம்மா ஒரு விரலை உயர்த்தினாள். "அவள் இன்னும் முடிக்கேல்லை."

"அப்பா ஒருநாளும் ஒரு பக்கத்தை வெளியில நிப்பாட்டிப்போட்டு வழக்குக் கேட்டதில்லை. அம்மா இல்லாமல் நடக்கிற மரியாதை எவ்வளவு பெரிசா இருந்தாலும் அதில ஒரு பக்கம் இல்லை. இஞ்சயே செய்வம்." அவள் புத்தகத்தை அண்ணன் பக்கம் தள்ளினாள். "அவ்வளவுதான்" என்றாள்.

சொன்ன பிறகுதான், தன் கையாலேயே அந்த அங்கிகளை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டோம் என்று அவளுக்கு வலித்தது.

அடுத்தது குணேஸ்வரி. அக்கா எந்த வழக்கிலும் இரண்டு பக்கத்துக்கும் அழக்கூடியவள். இந்தத் தடவை மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராகச் சொன்னாள். "ஐம்பது வருசம் கூட இருந்த மனுசி ரீவியிலயோ பாக்கிறது? நான் சுலோவோட. அவ்வளவுதான்."

கதிர்காமநாதன் நீலப் புத்தகத்தை எடுத்து விரித்தார். பிரித்தானியக் கடவுச்சீட்டோடு வருடத்தில் ஆறு தடவை விமானம் ஏறுகிற மனிதர் அவர். புத்தகத்திலிருந்த அந்த ஒரு வரியை, மொழி தெரியாவிட்டாலும், நாட்டின் பெயரை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். அதையே வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு இது யோசனையிலயே வரேல்லை" என்றார். பிறகு நிமிர்ந்தார். "எண்டாலும் என்ர கருத்து மாறேல்லை. அந்த மனுசன் நீதிபதியாத்தான் போகவேணும். இஞ்ச அப்பிடிப் போகேலாது. மாறுபட்ட தீர்ப்பு எண்டு குறிச்சு வையுங்கோ." சட்டைப் பையிலிருந்த கடுதாசியை எடுத்து நாலாக மடித்தார். "ரெண்டுக்கு ஒண்டு. முடிஞ்சுது. நான் கொழும்புக்கு அடிச்சு வேண்டாமெண்டு சொல்லுறன். அவ்வளவுதான்."

சுலோஜனாவுக்கு அந்த நேரத்தில் அண்ணனை நினைத்துப் பெருமையாக இருந்தது. தோற்ற பிறகு எப்படி நடந்துகொள்ள வேண்டுமென்று அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்று பேரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"நான் இப்ப ஒண்டும் சொல்லேல்லை" என்றாள் அம்மா. "பிறகு சொல்லுறன்."

அவள் கதிரையை விட்டு எழுந்து, மேசையிலிருந்த நீலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்துமணிக்கு மயானத்து மண்டபம் கிடைத்தது. முக்கால் மணித்தியாலம்தான். அதற்குமேல் ஒரு நிமிடமும் கிடையாது, பதினொன்றுக்கு வேறொருவர் வருகிறார் என்று சொல்லியிருந்தார்கள். செத்த பிறகும் நேரத்துக்கு நேரம் ஒழுங்காக நடக்கிற ஊர். எழுபது எண்பது பேர் வந்திருந்தார்கள். அவர்களில் பலருக்கு அப்பா அலுவலகக் கடிதங்களை விளக்கிச் சொல்லியிருக்கிறார். சுலோஜனா வாசிக்க, அவர் விளக்குவார். அப்பா நீதிபதியாக இருந்தவர் என்பதே அவர்களில் பாதிப்பேருக்கு இறுதி அறிவித்தல் துண்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"ஒருநாளும் சொன்னதில்லையே தங்கச்சி" என்றார் இறைச்சிக் கடைக்காரர் அல்பேர்ட். "நான் அவரை வாத்தியார் எண்டெல்லோ நினைச்சன்."

தேவாரம் பாடிக்கொண்டிருக்கும்போது ஹென்னிங்ஸ் பின்கதவால் வந்தார். நேராக ஒரு வழக்கிலிருந்து வருகிறார் போலும். முழங்கையில் அவருடைய கறுப்பு அங்கி மடித்துக் கிடந்தது. சுவரோரம் போய் நின்றார். முன்வரிசையிலிருந்த கதிர்காமநாதன் திரும்பிப் பார்த்தார். அந்த அங்கியைப் பார்த்தார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஆட்களை விலக்கி அவரிடம் போனார்.

என்ன பேசினார்கள் என்று சுலோஜனாவுக்குக் கேட்கவில்லை. அண்ணன் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி, பெட்டியைக் காட்டினார். ஹென்னிங்ஸ் தலையை இல்லை என்பதுபோல் அசைத்தார். நீதிமன்றத்துக்கு வெளியே அதைப் போடுவதில்லை என்று சொல்லியிருப்பார். அண்ணன் விடவில்லை. கடைசியில் ஹென்னிங்ஸ் பெட்டியை ஒரு தடவை பார்த்தார். அங்கியை உதறி விரித்து, இரண்டு கையையும் நுழைத்துப் போட்டுக்கொண்டு, கசங்கிய மடிப்புகளைத் தடவிவிட்டு, பெட்டியின் தலைமாட்டில் வந்து நிமிர்ந்து நின்றார்.

ஒரேயொரு அங்கிதான். சுலோஜனாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பார்க்காமலிருக்கவும் முடியவில்லை. இந்த வழக்கறிஞர் அங்கி போட்டு நிற்பது ஒரு நீதிபதிக்கு முன்னால், என் அப்பா இந்த ஊரிலும் நீதிபதிதான் என்று யாரையாவது பிடித்துச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அண்ணன் தன் இடத்துக்குத் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதவர்போலக் கைகட்டி நின்றார்.

ஐயர் அரிசித் தட்டை எடுத்தார். "மூத்த மகன் வாங்கோ."

"இல்லை ஐயா" என்றாள் அம்மா. குரல் மெல்லியதுதான், ஆனால் மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்டது. "எங்கட வீட்டில இளையவள் முதல்."

ஐயர் தயங்கினார். சாத்திரம் என்று ஏதோ தொடங்கினார். கதிர்காமநாதன் ஓர் அடி பின்னால் நகர்ந்து தங்கைக்கு வழிவிட்டார். "அம்மா சொல்லுறபடி செய்யுங்கோ ஐயா."

சுலோஜனா போய் வாய்க்கரிசி போட்டாள். பிறகு குணேஸ்வரி. பிறகு அண்ணன். அவர் அப்பாவின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றுவிட்டார். மண்டபத்துக் காவலர் கதவருகில் வந்து மணிக்கூட்டைப் பார்த்தார்.

கடைசியாக அம்மா வந்தாள். யாரையும் பிடிக்கவிடவில்லை. மூன்று விரலால் அரிசியை எடுத்து, குனிந்து, அவருடைய உதட்டில் வைத்தாள். பக்கத்தில் நின்ற சுலோஜனாவுக்கு மட்டும் கேட்டது.

"நான் உடன்படுறன்."

பிறகு, பழக்கம் விடாத கை தானாக அவருடைய கழுத்துக்குப் போயிற்று. டை முடிச்சு இடப்பக்கம் சரிந்தபடியே கிடந்தது. அம்மா இரண்டு விரலால் அதைத் தொட்டாள். திரும்பிச் சுலோஜனாவை ஒரு தடவை பார்த்தாள். முடிச்சை அப்படியே விட்டுவிட்டு, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.